ஹட்டனில் அணுத்துறைப் பயிற்சித் தேர்வு: கை மட்டும் போதாது

பத்தாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பதினேழு வயது. அணுத்துறையில் வேலை செய்யும் தொழில்நுட்ப உதவியாளர்களுக்கு ஹட்டனில் ஆறு மாத இலவசப் பயிற்சி, சாதாரண தரப் பரீட்சை எழுதாதவர்களும் வரலாம் என்று ஃபோனில் பார்த்தேன். கதிர்வீச்சு அளக்கும் கருவி, குழாய், வால்வு எல்லாம் சொல்லித் தருவார்களாம். "கெடைக்கலன்னா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிரு" என்று அம்மா சொல்லிவிட்டார். போன வியாழக்கிழமை தேர்வு. துணைக்குச் சித்தி வந்தார்.

ராகலையில் காலை 5.45க்கு பஸ். நுவரெலியாவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஆளுக்கு 120 ரூபாய். அங்கிருந்து 7.15க்கு ஹட்டன் பஸ், 230 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். (வளைவுகளில் வயிறு புரட்டும். சாப்பிடாமல் ஏறுங்கள்.) எங்கே போகிறோம் என்று கண்டக்டர் என்னைத்தான் கேட்டார், பதில் சொன்னது சித்தி.

"இந்தப் புள்ளைக்கு வாயில்லயா?"

"இருக்கு. அதுக்கும் சேத்தே டிக்கெட் குடுங்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து பயிற்சி நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை, முழுக்க ஏற்றம். பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைமேல் ஐந்து வால்வுகள் பொருத்திய குழாய். தேர்வு வைக்கும் சேர் ஓர் அட்டையைப் பார்த்துக் கட்டளை சொல்வார். அதை அப்படியே நாம் சத்தமாகச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். வெளிநாட்டு அணுமின் நிலையங்களில் வேலையே இப்படித்தானாம். தவறாகக் கேட்டுத் தவறான வால்வைத் திறந்துவிடக் கூடாது அல்லவா?

"மூணாவது வால்வ கால் சுத்து தெறங்க."

திறந்தேன். மூன்றாவதுதான், கால் சுற்றுதான்.

"கை சரி தங்கச்சி. ஆனா நீங்க என்னா கேட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லிட்டுச் செய்ங்க."

இரண்டாவது தடவை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை, வாசலிலிருந்து சித்தி கத்தினார்: "மூணாவது வால்வு, கால் சுத்து! வீட்ல நல்லாப் பேசுவா சேர்!"

"அக்கா, நீங்க வேலைக்கும் கூடவே வருவீங்களா?"

"வரச் சொன்னா வர்றேன் சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். சேரும்தான். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "வாய் தெறக்காதவங்கள இந்த வேலைல உட முடியாதும்மா. கூட நிக்கிறவங்களுக்கும் ஆபத்து."

அவர் சொன்னது நியாயம். யார்மேலும் கோபப்படக்கூட வழியில்லாமல் 11.30 பஸ்ஸில் ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கட்டாயம். பள்ளிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கட்டளைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அறிவித்தலிலேயே போட்டிருக்கிறது. நான் அதை எங்கள் தோட்டத்து லயன் வீட்டில் மனசுக்குள் நூறு முறை சொல்லிப் பழகினேன். நீங்கள் அப்படிப் பழகாதீர்கள். நாலு பேர் முன்னால் நின்று, சத்தமாகப் பழகுங்கள்.

கொழும்பு வீட்டுக்கு அம்மா நேற்றுப் பேசினார். அதிகம் பேசாத பிள்ளைதான் வேண்டும் என்றார்களாம். உடனே வரச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை போகிறேன்.