நான் சாமியாக்கிய களைமரம்

“தினமும் நடக்கவில்லை என்றால் அந்தக் கால் அப்படியே போய்விடும். அப்புறம் சக்கர நாற்காலிதான்” என்று டாக்டர் சொன்னபோது அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அது காதில் விழுந்தது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்பா ரயில்வேக்காரர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸிலேயே இருந்தவர். ஓய்வு பெற்று, அம்மாவும் காலமான பிறகு, கிள்ளானில் நான் புதிதாக வாங்கியிருந்த வரிசை வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தேன். வந்த சில மாதங்களில் லேசான பக்கவாதம். கை தப்பித்தது; வலது கால் மட்டும் இழுத்துக்கொண்டது. நான் ஷா ஆலமில் அரசாங்க குமாஸ்தா. எத்தனையோ கோப்புகளை நகர்த்தியிருக்கிறேன். அப்பாவை நாற்காலியிலிருந்து நகர்த்த என்னால் ஆகவில்லை.

“எங்கடா நடக்கறது? ரோட்டுல போனா லோரிக்காரன் அடிச்சிட்டுப் போவான். பாடாங்ல போனா பாம்பு கடிக்கும்” என்பார்.

பாடாங் என்றால் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், நடுவில் இருந்த திடல். பூங்கா என்று பலகை வைத்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் இடுப்பளவு லாலாங் புல், அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் மூடிப் போர்த்திய ஒரு படர்கொடி. நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, ஊஞ்சல் எல்லாம் அதற்குள் இருப்பதாகப் பழைய குடியிருப்பாளர்கள் சொன்னார்கள். அப்பா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுச் சீனத்து டீச்சர், பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தோங் ரோயோங் என்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார். எல்லாரும் சேர்ந்து களையெடுத்துப் பூங்காவை மீட்கலாம் என்றார். நான் உடனே சேர்ந்தேன். ஊர்ப்பற்று எல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவின் சாக்கை வேரோடு பிடுங்கவேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு நான் போன கோலத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. புது ரப்பர் பூட்ஸ், புதுத் தொப்பி, உறை பிரிக்காத பாராங் கத்தி. மற்றவர்கள் கிழிந்த பனியனும் ஜப்பான் சிலிப்பருமாக வந்திருந்தார்கள். கொடியைப் பிடித்து வீரமாக ஓர் இழுப்பு இழுத்தேன். கொடியோடு கெரிங்கா எறும்புக் கூடும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. அந்தச் சிவப்பு எறும்புகள் கடித்த கடியில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்துவீட்டு மலாய்க்காரர், பழைய பட்டாளத்து ஆள், கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அன்று முழுக்க நான் பிடுங்கியது ஒரு வாளிப் புல் இருக்கும். கையில் கொப்புளம்தான் அதிகம்.

ஆனாலும் விடவில்லை. வாராவாரம் போனேன். வேலை வராவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. எதை வெட்டலாம், எதை விடலாம் என்று எல்லாரும் டீச்சரைக் கேட்பார்கள். கேட்காமலே பதில் சொல்வது என் வழக்கம். டீச்சர் ஒரு ஞாயிறு வராமல் போனார். அன்றைக்குத்தான் கொடியை விலக்கியதும் உள்ளிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரம் வெளிப்பட்டது. பொடிப்பொடியாக இலை. பட்டாளத்துக்காரர் கத்தியை ஓங்கினார்.

“வெட்டாதீங்க! இது வன்னி மரம். கோயில்ல கும்பிடுற மரம்” என்றேன்.

வன்னி மரத்தை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. இலை சின்னதாக இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன், அந்த ஒரு துணிச்சல்தான். மறுவாரம் வேறு யாரும் தெரியாமல் வெட்டிவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து வந்து மரத்தில் கட்டினேன். நம்மவர்கள் செய்கிற காரியம் இது. ஓர் அடையாளத்துக்கு ஏதாவது கட்டவேண்டும் என்றால் சிவப்புக் கயிறு, நீலக் கயிறு எதுவும் நம் கைக்கு வராது.

அடுத்த வாரம் போனால் மரத்தடியில் குங்குமம். அதற்கடுத்த வாரம் ஒரு கல், செம்பருத்திப் பூ, கற்பூரம் எரிந்த கறை. அப்புறம் யாரோ சீன ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் வைத்துவிட்டு லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டுப் போயிருந்தார்கள். பட்டாளத்துக்காரர்கூட அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை மரியாதை கிடைத்தது அதுவே முதல் தடவை. அலுவலகத்தில் நான் சொன்னால் டீகூட வராது.

இதற்குள் நடைபாதையும் பெஞ்சும் வெளியே வந்துவிட்டன. அப்பாவிடம் சொன்னேன். ஜப்பான் சிலிப்பர் வழுக்கும் என்றார். நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வெயில் என்றார். நான் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது நாற்காலி காலியாக இருந்தது. பதறிப்போய் வெளியே ஓடினால், அப்பா கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்துத் திடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். மரத்தடிக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாளும் போனார். அப்புறம் காலையும் மாலையும். ஒரு மாதத்தில் கால் இழுப்பது குறைந்தது. டாக்டரே முதுகில் தட்டிக் கொடுத்தார், அப்பாவின் முதுகில்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடவுள் நம்பிக்கை அரைகுறையான நான், அந்தப் பக்கம் போகும்போது யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு மரம் பூத்தது. வெள்ளை வெள்ளையாக, பவுடர் போடும் பஞ்சு உருண்டை மாதிரி. காய்த்தது. சுற்றிலும் நாங்கள் சுத்தம் செய்த மண்ணில் குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் முளைத்தது. இலையை மட்டும் பார்த்து இத்தனை நாள் தீர்மானிக்காமல் இருந்த டீச்சர் ஒரு காயை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“மிஸ்டர், இது பெத்தாய் பெலாலாங் லா. வெளியூர்லருந்து வந்த களை மரம். இத விட்டா ரெண்டு வருஷத்துல பாடாங் பூரா இதுதான். வேற எதையும் வளர விடாது. வெட்டித்தான் ஆகணும்” அவர் ஆங்கிலமும் மலாயுமாகச் சொன்னதன் சாரம் இது.

நான் மரத்துக்காக வாதாடினேன். தெய்வக் குற்றம் என்றேன். மக்களின் உணர்வு என்றேன். மத நல்லிணக்கம் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு என்ன பயம்?” என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மரம் போனால் அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அந்தக் கால் போய்விடும் என்றேன். டீச்சர், “அப்படின்னா அவர்கிட்டயே கேளுங்க” என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் போய், மென்று விழுங்கிச் சொன்னேன். அது வன்னி இல்லை, வெறும் களை, நான்தான் தெரியாமல் துணி கட்டினேன், வெட்டவேண்டும் என்கிறார்கள்.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

“வெட்டுங்களேன். அதுக்கு எதுக்குடா என்கிட்ட வந்து நிக்கிறே? நான் என்ன சாமி கும்பிடவா போறேன்? மரத்தடிக்கு வர்றவங்க பெஞ்சுல உக்காந்து நாலு வார்த்தை பேசுறாங்க. என்னா அங்கிள், தூங்குனீங்களா, சாப்டீங்களான்னு கேக்குறாங்க. பிரிக்பீல்ட்ஸ்ல வாசலுக்கு வந்தா பேச்சுக்குப் பஞ்சமே இல்ல. இங்க டீவி ஒண்ணுதான் என்கிட்ட பேசுது. நீ வாரத்துல ஆறு நாளு ஆபீஸ். மிச்ச ஒரு நாளும் புல்லு புடுங்கப் போயிடுறே.”

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் நன்றாக உறைத்தது. அவர் காலுக்காக ஒரு பூங்காவையே கட்டி இழுத்தவன் நான். அவரோடு ஒரு நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லை.

ஞாயிறு காலை நான் மரத்தடியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கல்லைப் பக்கத்துக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகுதான் பட்டாளத்துக்காரர் வெட்ட ஆரம்பித்தார். மரம் ரோட்டுப் பக்கம் சாயாமல் இருக்கக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனேன். அப்பா தம் கூட்டாளிகள் இரண்டு மூன்று பேரோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் எதிரே நின்றேன். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனிதரிடம், “கால் எப்படி இருக்குப்பா?” என்று கேட்டேன்.

“காலு கிடக்கட்டும்” என்று சொல்லி, கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். “நீ முதல்ல உக்காரு.”