ஆயர் வராத வியாழக்கிழமை

நான் பேயை நம்புகிறவன் இல்லை. நம்பினால் என் வேலை போய்விடும். மிஷனரி நான். ஆனால் 2023 நவம்பர் 16, வியாழக்கிழமை சாயங்காலம் கல்வராயன் மலையில் எனக்கு நடந்ததை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. கையில் வாட்ச் இருந்தது. குடிப் பழக்கம் கிடையாது. காய்ச்சலும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். என்னோடு பயிற்சி முடித்த தங்கதுரை நேபாளத்துக்குப் போனான். எனக்கும் வெளிநாடு என்றுதான் ஆசை காட்டினார்கள். அனுப்பியது வெள்ளிமலையிலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து போகிற ஒரு ஊருக்கு. முதல் வருடம் அவர்கள் பேசியது பாதிதான் எனக்குப் புரிந்தது. நான் பேசியது அவர்களுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அந்த வகையில் அதுவும் வெளிநாடுதான். ஆறு வருடம் ஓடிவிட்டது. மழை பெய்தால் கரண்ட் இருக்காது. பெய்யாவிட்டால் தண்ணீர் இருக்காது. போன் சிக்னலுக்குப் பாறை மேல் ஏற வேண்டும். மூச்சு வாங்க ஏறினால் மிஷன் ஆபீசிலிருந்து ஒரே கேள்விதான் வரும். இந்த மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

ஒருத்தி வந்தாள். பாப்பாத்தி. முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சில் சீக்கு. நாலு அடி நடந்தால் உட்கார்ந்து இருமுவாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆறு மாதமாக என்னைப் பிடுங்கி எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருத்தரும் தன் பெயரைச் சொன்னதில்லை, பச்சமுத்து பொண்டாட்டி என்றே கூப்பிடுகிறார்கள், நீங்கள் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவீர்களாமே, அது வேண்டும் என்றாள். வேதாகமப் பள்ளியில் இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. புருஷன் பச்சமுத்துவுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனாலும் அவள் ஆசைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

சிக்கல் எங்கள் பக்கம்தான். எங்கள் மிஷனில் என்னைப் போன்ற ஊழியன் போதிக்கலாம், ஜெபிக்கலாம், செத்தால் குழிகூட வெட்டலாம். ஞானஸ்நானம் மட்டும் கொடுக்கக் கூடாது. அது ஆயர் கையால்தான் நடக்க வேண்டும். ஆயர் இருப்பது கீழே கள்ளக்குறிச்சியில். ஒரு தேதி கொடுத்தார், கல்யாணம் என்று வரவில்லை. இன்னொன்று கொடுத்தார், கமிட்டி என்று வரவில்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நானே இறங்கிப் போய் அவர் வாசலில் இரண்டு நாள் தேவுடு காத்தேன். வியாழக்கிழமை காலையில் சொல்கிறார், மலையில் என் கார் ஏறாது, கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று. எனக்கு வந்த ஆத்திரம் கர்த்தருக்குத்தான் தெரியும்.

பஸ் என்னை வெள்ளிமலையில் 3.50-க்கு இறக்கிவிட்டது. ஜீப் போகும் மண் ரோட்டை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? இன்னும் ஒரு மாதம் அவள் தாங்குவாளா?

4.50. பனி இறங்கிவிட்டது. ஓடைச் சத்தம் கேட்டது.

கரையில் பாப்பாத்தி நின்றிருந்தாள்.

"ஆயரு வர்லியா பிரதரு?"

வரவில்லை என்றேன். கிறிஸ்துமஸ் கழித்துத்தான் என்றேன். அவள் முகம் மாறவில்லை.

"அது வரிக்கும் தாங்காது. நீங்களே ஊத்துங்க."

எனக்கு அனுமதி இல்லை என்று மறுபடியும் விளக்க ஆரம்பித்தேன்.

"எப்பப் பாத்தாலும் இதையே சொல்லிக்கினு இருக்கீங்க. தண்ணி இங்க ஓடுது. ஒங்களுக்குக் கை இருக்குது. வேற இன்னா வோணும்?"

ஆயரும் கமிட்டியும் எப்படியோ போகட்டும் என்று பையை இறக்கி வைத்தேன். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஊரிலிருந்து அந்த ஓடைக்கு முக்கால் கிலோமீட்டர், ஏற்றமும் இறக்கமும். அவள் ஒரு தடவைகூட இருமவில்லை...

5.10. அவள் ஓடையில் இறங்கி மண்டி போட்டாள். தண்ணீர் என் காலை ஐஸ் மாதிரி வெட்டியது. அவள் உடம்பு சிலிர்க்கவே இல்லை.

"பாப்பாத்தி" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பிதாவின் நாமத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

தலையில் விழுந்தது. கீழே சொட்டவில்லை.

குமாரனின் நாமத்தில் இரண்டாவது கை. நெற்றியில் வழியவில்லை. தோளில் இறங்கவில்லை...

முடி காய்ந்தே இருந்தது.

பாதியில் விட முடியாது. பரிசுத்த ஆவியின் நாமத்தில்... மூன்றாவது கை.

ஒரு சொட்டு இல்லை.

அவள் எழுந்தாள். கரையேறினாள். பனி அதிகமாக இருக்கிறது, நேராக வீட்டுக்குப் போ என்றேன்.

"வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருக்கேன்."

பனி மூடியது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

ஓடினேன்.

ஊருக்குள் நுழைந்தபோது 5.35. அவள் வீட்டு முன்னால் கூட்டம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள்தான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை நான் இறங்கிப் போன பிறகு பாப்பாத்திக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு மத்தியானம் 1.20-க்கு உயிர் போய்விட்டது. உடல் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டு நாள் நானும் அவளும் ஒரே ஊரில் இருந்திருக்கிறோம். நான் ஆயர் வாசலில்... அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

6.40-க்கு ஜீப் வந்தது. பச்சமுத்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். வேட்டி முழுக்க ஈரம்.

வழியில் மழையா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"கொண்டை ஊசி வளைவுல ஏறிக்கினு இருந்தோம் பிரதரு. டிரைவரு அப்பதான் மணி பாத்தாரு, அஞ்சு பத்து. தலையிலேர்ந்து தண்ணி கொட்டுச்சி. தொடச்சேன். மறுக்கா கொட்டுச்சி. தொடச்சேன். இன்னொரு தபாவும் கொட்டுச்சி."

அவன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கப்புறந்தான் கண்ண மூடுனா. மத்தியானத்துலேர்ந்து எத்தினி தபா மூடிவுட்டும் மூடாத கண்ணு."