இருபத்தேழாவது பெயர்

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான்.

எப்போதும் ஒரு 'பீப்' சத்தம் வரும்; பிறகு கறுப்புத் திரையில் பச்சை எண்கள் ஓடும். அன்று சத்தமும் இல்லை, எண்ணும் இல்லை. அணைத்தேன். இருபது வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். ஃபேன்தான்.

ஆறு மாதமாக அந்தக் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. சித்திரையில் நைனா, என் அப்பா, போனார். ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்தாராம். கரைக்குக் கொண்டுவந்தபோது முடிந்துவிட்டிருந்தது. அந்த மாதமே முகத்துவாரத்தை மணல் மூடியது, இறால் வரத்து நின்றது, பாடும் நின்றது. இப்போது ஐப்பசி மழை முகத்துவாரத்தைத் திறந்துவிட்டிருந்தது. சனிக்கிழமை காலை பாடு படிக்க வேண்டும். அன்றைக்குப் புதன்.

பாடு என்றால் முறை. பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். இன்றைக்கு இவர் கட்டினால் நாளைக்கு அடுத்தவர். எங்கள் ஊர்ப் பட்டியலில் அறுபத்திரண்டு பெயர்கள்; சீசன் தொடங்கும்போது அதை ஊர் முன்னால் படிப்பார்கள். ஒரு பெயர் விழுந்தால்தான் புதுப் பெயர் ஏறும். கல்யாணம் ஆன பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள்.

அந்தப் பட்டியல் முன்பு கோயில் பெட்டியில் ஒரு நோட்டாக இருந்தது. ஒரு மழையில் பெட்டி நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருவாடு மாதிரி ஆகிவிட்டன. நான் அப்போதுதான் பொன்னேரியில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்தேன். சென்னையில் ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று, எங்கள் ஊர்க் கூடத்துக்கு இனாமாக வந்து உறை போட்டு உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். தாள்களைப் பிரித்துப் பிரித்து, பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஏற்றினேன். தமிழ் எழுத்து அதில் கிடையாது. ஏற்றி முடித்ததும் ஊர்த் தலைவரிடம், "இனிமே நோட்டே வேணாம்" என்று சொன்னது நான்தான். நோட்டை ஏரியில் போட்டதும் நான்தான். பத்தொன்பது வயது.

நைனாவின் காரியம் முடிந்த பிறகு ஊர் கூடியது. நைனாவின் இருபத்தேழாம் பாடு அம்மா பெயருக்குப் போகட்டும், அம்மாவின் தம்பியான மாமா வலை கட்டட்டும், என் தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. தலைவர் என்னைப் பார்த்து, "மிஷின்ல ஏத்திடு பாப்பா" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏற்றிவிட்டதாகவும் சொன்னேன்.

ஏற்றினேனா? அதுதான் எனக்கு நினைவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் யார் எந்த நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுகூடத் தெரியும். கூடத்துக்குப் போனேனா, உட்கார்ந்தேனா, அடித்தேனா, தெரியவில்லை.

ஆறு மாதத்தில் ஊர் அந்த முடிவை ஆளுக்கு ஒரு மாதிரி ஞாபகம் வைத்திருந்தது. இருபத்தெட்டாம் பாடு வைத்திருந்தவர் எங்களுக்குப் பங்காளி முறையில் பெரியப்பா. அவருடைய பெரிய மகனுக்கு ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது; ஒரு பெயர் விழுந்தால் அடுத்து ஏற வேண்டியவன் அவன்.

"ஒரு சீசனுக்குன்னுதான் பேசனோம். அந்த சீசன் சித்திரையோட முடிஞ்சிபோச்சி" என்றார் பெரியப்பா.

"தம்பிக்குக் கண்ணாலம் ஆவுற வரிக்கும்னு நான் காதால கேட்டேன்" என்றார் மாமா.

"உன் காது உங்க அக்கா பக்கம்தான் கேக்கும்."

தலைவர் இரண்டு பேரையும் கையமர்த்தினார். "மிஷின் இன்னா சொல்லுதோ அதான். இன்னா பாப்பா, சொல்லுமா?"

"சொல்லும்" என்றேன். அது ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னொரு பிரதி ஃப்ளாப்பியில் இருந்தது. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை அப்படியே திரும்ப வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் காலை பஸ் பிடித்துப் பொன்னேரி போனேன். வகுப்பெடுத்த சார் டீ குடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "கண்டதைக் கழட்டாத. செவுத்துல ஆரம்பிச்சி உள்ள போ. ப்ளக்கு, வோல்டேஜ், அப்பறம் கார்டு, அப்பறம் சிப்பு. கடைசியாத்தான் பட்டியல் இருக்கற டிஸ்க்கு. உங்க ஊர்ல உப்புக்காத்து. உள்ள பச்சையா பூத்திருக்கும் பாரு."

டிஸ்க் சுற்றாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் சும்மா கிடந்தா உள்ள ஒட்டிக்கும். ஒயரோட வெளிய எடுத்து, கையில படுக்கையாப் புடிச்சி, கரண்ட் குடுக்கறப்ப வெடுக்குனு ஒரு திருப்பு. பம்பரம் விடற மாதிரி. ஆனா இடிக்கக் கூடாது. இடிச்சா மொத்தமும் போச்சு." எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றார். ஒரு தடவை கட்டணம் கட்ட வந்த நைனாவை அவர் பார்த்திருக்கிறார்.

"நல்லா இருக்காரு சார்" என்றேன். பஸ் அனுப்பம்பட்டு தாண்டிய பிறகுதான் சொன்னது உறைத்தது. உறைத்த பிறகும் அழுகை வரவில்லை. ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் மூடியைக் கழற்றினேன். சார் சொன்னபடியே, கார்டுகளின் பித்தளைப் பற்களில் பச்சைப் பூச்சு. தம்பியின் பென்சில் ரப்பரை வாங்கி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். சிப்புகளைக் கட்டைவிரலால் அழுத்த அழுத்த, சில 'கடுக்' என்று உள்ளே இறங்கின. மாமா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இது இன்னா நண்டா? இம்மாங்காலு கீது."

"சிப்பு மாமா."

"உங்க அம்மா தலையெழுத்து இந்த நண்டுல கீதுன்றே."

ஸ்விட்சைப் போட்டேன். பீப் வந்தது. மாமா கை தட்டினார். பச்சை எண்கள் ஓடின, நின்றன. டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்தது. டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ முனகியது, சுற்றவில்லை. ஸ்டெபிலைசர் முள் நூற்று அறுபது வோல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் எங்களுக்கெல்லாம் தெரியும். டவுனில் ஐஸ் ஃபேக்டரி மோட்டார் ஓடும்வரை எங்கள் ஊர் பல்பே மஞ்சளாகத்தான் எரியும். முதலாளி பாய் வாரத்தில் ஒரே நேரம்தான் மோட்டாரை நிறுத்துவார்: வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு. அந்த முக்கால் மணி நேரம் டியூப்லைட் எல்லாம் பளிச்சென்று எரியும்.

வெள்ளி பன்னிரண்டரைக்கே எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். தலைவர் நாற்காலியில். மாமா, பெரியப்பா கீழே. அம்மா தலையிலிருந்த நண்டுக் கூடையை இறக்காமல் வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில் முள் ஏறத் தொடங்கியது. நூற்று எண்பது. இருநூறு. இருநூற்றுப் பத்தில் நின்றது.

டிஸ்க்கை ஒயரோடு எடுத்து நான்தான் முதலில் திருப்பினேன். சுற்றவில்லை. மாமாவிடம் கொடுத்தேன். அவர் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டு, திருப்பாமலே என்னிடம் திரும்பத் தந்தார்.

"குடு இங்க" என்றார் பெரியப்பா.

மாமா என்னைப் பார்த்தார். வீச்சுவலை எறிவதில் பெரியப்பாவின் மணிக்கட்டுக்கு ஈடு எங்கள் பக்கத்தில் இல்லை. அதே மணிக்கட்டு ஒரு இடி இடித்தால் பட்டியலும் இல்லை, இருபத்தேழும் இல்லை.

"இன்னாடா பாக்கறே? அந்தப் பேரு இருக்குதா இல்லியான்னு எனக்கும் தெரிய வாணாமா?"

கொடுத்தேன். படுக்கையாகப் பிடிக்கச் சொன்னேன். "போடு" என்றார். போட்டேன். வலை வீசும்போது போடுகிற அதே சின்னச் சுழற்று. டிஸ்க் உள்ளே சீறியது, பிறகு சீராகப் பாடத் தொடங்கியது.

"கீழ வெக்கலாமா?"

"வேணாம் பெரிப்பா. அப்டியே புடிங்க. அசைக்காதீங்க."

பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் இறங்கின. இருபத்தைந்து, இருபத்தாறு. இருபத்தேழில் நைனா பெயர் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. அம்மா பெயர் இல்லை, தம்பி கல்யாணம் இல்லை. நான் எதையும் ஏற்றியிருக்கவில்லை.

"இன்னா போட்டுகீது?" என்றார் தலைவர்.

அந்த அறையில் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா பெயர் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. திரும்பினேன். பெரியப்பா இரண்டு உள்ளங்கைகளிலும் டிஸ்க்கை ஏந்தி, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"நைனா பேர்தான் இருக்கு" என்றேன். "நான் மாத்தவே இல்ல. மாத்திட்டேன்னு சொன்னது பொய்."

அம்மா கூடையை இறக்கி வைத்த சத்தம் கேட்டது.  தலைவர் பெரியப்பாவைப் பார்த்தார்.

பெரியப்பா டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார். கையில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சாய்த்தால் போதும்.

"கோடு போட்டு அடிக்கலியே அந்தப் பேர" என்றார் கடைசியில். "அடிக்காத பேருக்குப் பாடு உண்டு. நோட்டுல இருந்தப்பவும் அதான் பழக்கம். எம் புள்ள இன்னும் கொஞ்ச நாள் என் வலைய இழுக்கட்டும்." பிறகு என்னிடம், "எழுதிக்கோ சீக்கிரம். கையி மரத்துப்போவுது."

தம்பியின் கணக்கு நோட்டில் பின்பக்கத் தாள்களைக் கிழித்து, அறுபத்திரண்டு பெயரையும் தமிழில் எழுதினேன். அறுபதாவது பெயரில் பல்பு மஞ்சளானது. கடைசி இரண்டை எழுதி முடித்ததும் திரை அணைந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பிறகு ஓடவில்லை. நானும் அதை மறுபடி திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கோயில் முன்னால் நின்று நான்தான் படித்தேன். பெயர் சொன்னால் அந்த ஆள் 'உண்டு' என்பார், அதுதான் முறை. இருபத்தாறு. உண்டு. இருபத்தேழில் நைனா பெயரை, மற்ற பெயர்களைச் சொன்ன அதே குரலில் சொன்னேன்.  மாமா தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா, "உண்டு" என்றாள்.

இருபத்தெட்டைப் படித்தேன்.