அம்மன் குளத்தில் நான் விட்ட மீன்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் அம்மன் கோயில் குளத்தில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தப் படியில் கால் வைத்தால் முதலில் நெஞ்சு படபடக்கும். பிறகுதான் கை கூப்பத் தோன்றும்.

கதை அதற்கும் இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வாரம் தண்ணீர் வடியவில்லை. கொசு மொய்த்தது. என் மகளுக்கு டெங்கு வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பித்துப் பிடித்தவள் மாதிரி வீட்டில் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று தேடிக் கவிழ்த்தேன். பின்பக்கம் இருந்த பழைய சிமெண்ட் தொட்டியைக் கவிழ்க்க முடியாதே. அதில் கொசுப்புழு நெளிந்தது.

மார்க்கெட்டில் உயிர்மீன் விற்பவரிடம் சொன்னேன். விரல் நீளத்தில் மூன்று மீனைக் கவரில் போட்டுத் தந்தார். "நாட்டுத் தேளிம்மா. தொட்டில வுடு. ஒரு புழு மிஞ்சாது" என்றார். மீசை வைத்த கறுப்பு மீன்கள். மகள் வீட்டுக்கு வந்த அன்று காலையில்தான் அவற்றைத் தொட்டியில் விட்டேன். அதனால் என் மனதில் அந்த மீனும் பிள்ளை பிழைத்து வந்ததும் ஒன்றாகிவிட்டன. இரண்டையும் அம்மன் கொடுத்ததாகவே நினைத்தேன்.

மூன்று மீன் இரண்டாச்சு. பிறகு ஒன்றாச்சு. மற்ற இரண்டையும் அதுவே தின்றுவிட்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. காக்கா தூக்கிப் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மீந்த மீன் வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி. கோழிக் குடல், மீன் தலை, பழைய சோறு, எது போட்டாலும் காலி. வெள்ளிக்கிழமை வீட்டில் கவிச்சி கிடையாது என்பதால் அன்றைக்கு மட்டும் இட்லி. சாப்பாடு போடுவதற்கு முன் அலுமினிய மூடியால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவேன். எங்கே இருந்தாலும் வந்து, வாயைத் திறந்து என் கைக்கு நேரே நிற்கும். இரண்டு வருடத்தில் என் கை நீளத்தைத் தாண்டிவிட்டது. தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் உடம்பை வளைத்துக்கொண்டுதான் கிடக்கும்.

என் கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். வேலை முடிந்து வந்தால் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் கழுவுவார். "இன்னாமே, இது மீனா, முதலையா? ஒரு நாளைக்கு உன்னியே முழுங்கப் போவுது. பேசாம கொழம்பு வெச்சிரு" என்பார். எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஆடியில் எங்கள் வாடகை வீட்டின் ஓனர் தொட்டியை இடித்துவிட்டு பாத்ரூம் கட்டப்போவதாகச் சொன்னார். மீனை என்ன செய்வது? யோசிக்கவே இல்லை நான். அம்மன் கொடுத்தது, அம்மன் குளத்துக்கே போகட்டும் என்று முடிவு செய்தேன். மூன்றாவது வெள்ளி, கோயில் திறக்கும் நேரத்தில் பெயிண்ட் பக்கெட்டில் மீனைச் சுருட்டி வைத்து, ஈரச் சாக்கால் மூடி, நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனோம். படியில் கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டேன். வாலால் ஒரு அடி அடித்துவிட்டு உள்ளே போனது. என் புடவை முழுக்க நனைந்துவிட்டது. அதையும் ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அது சின்னக் குளம். நாலு பக்கமும் படி. கெண்டை மீனும் ஜிலேபி மீனும் நிறைய இருக்கும். சாமி கும்பிட்டு வருகிறவர்கள் படியில் உட்கார்ந்து பொரி போடுவார்கள். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து கொத்தும். குழந்தைகளுக்கு அதுதான் கோயில். பொரி விற்க அங்கே ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. அந்தக் கூடைதான் அவருக்குச் சோறு.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பொரி போட்டேன். அப்படியே மிதந்தது. ஒரு மீன்கூட மேலே வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் மேல் வெள்ளையாகப் பொரி படர்ந்து கிடந்தது. காக்காய்கள்தான் வந்து பொறுக்கின.

முதலில் கம்பெனிக் கழிவுத் தண்ணீர் கலந்துவிட்டது என்றார்கள். பூசாரி அண்ணன் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, வாடை ஒன்றும் இல்லை என்றார். பிறகு எப்படியோ பேச்சு பொரிப் பக்கம் திரும்பிவிட்டது. பழைய பொரி, மருந்து அடித்த பொரி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"இருவது வருசமா இதே பொரிதான் விக்கிறேன். நானே துன்னு காட்றேன், பாரு" என்று அக்கா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். யாரும் கேட்கவில்லை. விஷயம் தெரிகிற வரைக்கும் படியில் கடை வைக்காதே என்று கோயில் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவர் கூடையோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே யார் பொரி வாங்குவார்கள்? நான் பார்க்காத மாதிரி கடந்து போனேன். ஏனென்றால் நானும் அந்தப் பேச்சை நம்பினேன். இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கு நல்ல தீனியாக வாங்கிப் போவோம் என்று எங்கள் தெருவில் கலர் மீன் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என்னைவிடச் சின்னவர். மீன் என்றால் உயிர். பேச்சுவாக்கில், "எனக்கு மீன் ராசி உண்டு பாய். எங்க வூட்டுல ஒரு தேளி வளத்தேன் பாரு" என்று பெருமையாக மகள் எடுத்த வீடியோவைக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு போய்விட்டது. வீடியோவை நிறுத்தி, மீனின் தலையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது தேளியே இல்ல. தலைக்குப் பின்னால பாரு. நம்மூரு தேளிக்கு இங்க வழவழன்னு வளைஞ்சி கீதும். இதுக்கு முனை முனையா கீது. மேலெல்லாம் திட்டுத் திட்டா வேற. நம்ம தேளி ஒரு மொழத்துக்கு மேல போவாது. இது ஆப்பிரிக்கன் கெளுத்தி. ஆள் ஒசரம் வளரும். கண்ணுல பட்டதெல்லாம் துன்னும். கவருமெண்டே வளக்கக் கூடாதுன்னு சொல்லிகீது. இப்ப எங்க கீது?"

"கோயில் கொளத்துல" என்றேன்.

அவர் போனை மெதுவாக மேஜையில் வைத்தார். "பேஜாரா பூடுச்சே, அக்கா" என்றார்.

அன்றைக்கும் மறுநாளும் நான் சோறு சாப்பிடவில்லை. சொன்னால் கோயிலுக்குள் விடுவார்களா? தடை செய்த மீன் என்கிறாரே, போலீஸ் வருமா? மகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நின்றேன். பஸ் நிறுத்தத்தில் அந்தக் கூடை நிரம்பியபடியே இருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் பூசாரி அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் குளத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "மொதல்ல அத்த வெளிய எடு. மத்தத அப்பறம் பேசலாம்" என்றார்.

பாய் வலை கொண்டுவந்தார். அவரும் என் கணவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை போட்டார்கள். ஒரு முறை, இரண்டு முறை, நாலு முறை. சேறுதான் வந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மீன வுட்டவங்க இவங்கதானா?" என்று பின்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "இது சேத்துக்குள்ள படுத்துகினு கீது அக்கா. உன் கையாலதான வளந்துச்சு, நீ கூப்ட்டா வருமா?" என்றார்.

மகள் வீட்டுக்கு ஓடிப்போய் அலுமினிய மூடியையும் ஒரு இட்லியையும் எடுத்து வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, கல்லில் மூன்று தட்டு தட்டினேன். ஒன்றும் இல்லை. யாரோ சிரித்தார்கள். திரும்பத் தட்டினேன். வராமல் போனால் அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது.

மூன்றாவது தடவை தட்டியபோது நடுக் குளத்தில் ஒரு குமிழி வெடித்தது. பிறகு தண்ணீர் ஒரு கோடு போட்ட மாதிரி என்னை நோக்கிப் பிளந்து வந்தது. மீசை தெரிந்தது. வாயைத் திறந்து, என் கைக்கு நேரே வந்து நின்றது. எப்போதும் நிற்கிற மாதிரியே. என் கையில் இட்லித் துண்டு இருந்தது. அதைப் போட்டேன். அது வாயை மூடுவதற்குள் வலை இரண்டு பக்கமும் ஏறிவிட்டது.

அதை வேறு எந்தத் தண்ணீரிலும் விடக்கூடாது என்றார் பாய். என் கணவரும் அவரும் எடுத்துக்கொண்டு போய், செய்ய வேண்டியதைச் செய்து புதைத்துவிட்டு வந்தார்கள். எப்படி என்று நான் கேட்கவில்லை. கொழம்பு பற்றி என் கணவரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் சாமி, உன் மீனு, உன் வேண்டுதலு. நடுவுல நான் இன்னாம்மா பண்ணேன்? ரோட்ல உக்காந்து கெடக்க வுட்டியே. என்னியப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போன பாரு, அதான் எனக்கு ஆறல" என்றார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பூசாரி அண்ணன் எல்லோர் எதிரிலும் அவரைப் பழைய இடத்தில் உட்காரச் சொன்னார்.

மீன்கள் உடனே மேலே வரவில்லை. செத்ததைவிடப் பயந்து அடியில் ஒதுங்கியதுதான் அதிகம், பொறு என்றார் பாய். இரண்டு வாரம் தினமும் போய் ஒரு பிடி பொரி போட்டுவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் சின்னதாக ஒரு வாய் வந்து ஒரே ஒரு பொரியை இழுத்துக்கொண்டு போனது. "தோ, வந்துச்சு" என்று எனக்கு முன்னால் சொன்னது அக்காதான். பஸ் நிறுத்தத்தில் பேசியதற்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

மூடியை இன்னும் வைத்திருக்கிறேன். அம்மனுக்கு என்று எதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலும், குளத்துப் படியில் பொரிக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அக்காவின் முகத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாசலைத் தாண்டுகிறேன்.