ஆடிட்டுக்குச் சொல்லும் பதில்

ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் யாரும் என்னைத் திட்டியதில்லை. ஆனாலும் ஆசிரியர் என் பெஞ்சுப் பக்கம் திரும்பினால், விழாத பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

ஆவடி போகும் வழியில் இருக்கிற சமுதாயக் கல்லூரி அது. பன்னிரண்டாவதோடு நின்ற நான் நாற்பது தாண்டி அங்கே போய் உட்கார்ந்ததற்கு என் முழங்கால்தான் காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற வேலை. முட்டி வீங்கிவிட்டது. ஸ்டோர் ஆபீசில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று காலியாகப் போவதாகவும், டிகிரி படித்துக்கொண்டிருந்தாலே போதும் என்றும் பேசிக்கொண்டார்கள். கல்லூரிப் படிப்பை முடித்தால் அதன் கிரெடிட்டைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எழுத்துத் தேர்வுகளில் தேறிவிட்டேன். ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் தேர்வுதான் பாக்கி. அதில் தவறினால் கிரெடிட் எதுவும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

தேர்வன்று வராந்தாவில், என்னோடு படித்த எங்கள் கம்பெனி டெய்லர் பெண் என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கை ஐஸாட்டம் கீது? அவரு இன்னா உன்னைக் கடிச்சித் துன்னுடப் போறாரா?"

"உனக்கென்னடி, நீ பேசிடுவே."

"நானா? எனக்கு குட்மார்னிங்தான் நல்லா வரும். இப்ப மத்தியானம் ஆயிப்போச்சு, அதான் பேஜாரா கீது."

சிரிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கையில் பேனா. பார்த்ததுமே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையருக்காக, எங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க கம்பெனிக்கு ஆடிட் வருகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே எச்.ஆர். மேடம் எங்களை வரிசையாக நிறுத்தி, இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தருவார். ஒருமுறை ஒரு பெண் மாற்றிச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"டெல் மீ அபவுட் யுவர் வொர்க்," என்றார்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நோ ப்ராப்ளம் சார். ட்ரிங்கிங் வாட்டர் குட். டாய்லெட் க்ளீன். நோ ஓவர்டைம்."

நிமிர்ந்து பார்த்தார். நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எய்ட் ஹவர்ஸ் ஒன்லி சார். சூப்பர்வைசர் நோ ஷவுட்டிங்."

பேனாவைக் கீழே வைத்தார். போச்சு என்று நினைத்தேன். காதுக்குள் மிஷின் ஓடுவதுபோல இரைச்சல்.

"அம்மா, நான் உங்க கம்பெனியைச் செக் பண்ண வரலை," என்று தமிழில் சொன்னார். "எதிர்ல சேர் இருக்கு. வந்ததுல இருந்து நின்னுட்டே இருக்கீங்க." பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "ஒய் ஆர் யூ ஸ்டாண்டிங்?"

மேடம் சொல்லித் தராத கேள்வி.

"சார், ஐ ஆல்வேஸ் ஸ்டாண்ட். மார்னிங் டு நைட். மை நீ பெயின். ஐ வாண்ட் சேர் ஜாப்."

அவர் மேலே மேலே கேட்டார். உட்கார்ந்து சொன்னேன். நேற்று எத்தனை மணிக்குப் போனேன், முந்தாநாள் எத்தனை மணிக்கு, டார்கெட் முடியாவிட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார், எல்லாவற்றையும். தப்பும் தவறுமாக வந்தது. ஆனால் வந்தது.

வெளியே வந்ததும் டெய்லர் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அல்லாத்தையும் சொல்லிட்டியா? கம்பெனி பேரையுமா?" என்றாள் அவள்.

"பேரு சொல்லலை. ஆனா நம்ம கம்பெனி அட்டை என் கழுத்துல தொங்கிட்டுதானே இருந்துச்சு."

அவள் தன் கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ரிசல்ட் வரும்வரை எச்.ஆர். அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் சட்டையில் எதைச் சோதித்தேன் என்பது மறந்துபோகும். யாரும் கூப்பிடவில்லை. தேறிவிட்டேன். கிரெடிட் போய்ச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இடமும் கிடைத்தது. அதைச் சொல்ல மேடத்திடம் நானே போனேன்.

"பரவாயில்லையே," என்றார். "ஸ்டோருக்கு உன்னையே போட்டுடலாம். அடுத்த வாரம் ஆடிட் வருது. இங்கிலீஷ் பேசற ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். இந்த தடவை நீதான் முன்னாடி நின்னு பேசணும். உக்காரு, சொல்லித் தரேன்."

அந்த அறையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். முட்டிக்கு இதமாக இருந்தது. மேடம் "ட்ரிங்கிங் வாட்டர்" என்று ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே சொன்னேன். ஒரு வார்த்தை தவறவில்லை. ஆடிட்டுக்கு வருகிறவர் என்னையும் உட்காரச் சொல்லி, மேடம் சொல்லித் தராத கேள்வி ஒன்றைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அன்றிலிருந்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.