ரவை கேக்கும் அப்பாவின் காவடியும்

போன சனிக்கிழமை மகள் காத்தோங் பக்கம் போய்விட்டு ஒரு கேக் டப்பாவோடு வந்தாள். மேசையில் வைத்துத் திறந்ததும் நெய்யும் ரவையுமாக வாசம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. "சூஜி கேக்மா. ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க லா" என்றாள். துணி மடிக்க வேண்டும் என்று எழுந்து போனேன். துணியெல்லாம் காலையிலேயே மடித்தாயிற்று. திரும்பி வந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அதற்கும் ஏற்கெனவே ஊற்றியிருந்தது. இந்த வயதில் ஒரு கேக்குக்குப் பயந்து மூவறை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் கடைசியில் இதே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியறையில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா விடியற்காலையில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி, அலுமினிய டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி மூடித் தருவார். இடைவேளை மணி அடிக்கும்போது நாலு இட்லியும் ஒட்டி ஒரே இட்லியாகியிருக்கும். மற்ற பிள்ளைகள் ரொட்டிக்காரரிடம் வாங்கிய தேங்காய்ப்பூ பன்னைப் பிய்த்துத் தின்பார்கள். சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி கட்டிக்கொண்டு மணியடித்து வருவாரே, அவரிடம் வாங்கியது. உள்ளே இருக்கும் சர்க்கரைத் தேங்காய் நாக்கைச் சுடும். சுட்டால் என்ன, யாரும் ஆறும்வரை காத்திருந்ததில்லை.

என் பக்கத்து மேசை மோனிக்கா யுரேஷியப் பெண், வெள்ளைக்காரரும் நம் ஊர்க்காரரும் கலந்த வம்சம். அவளுக்கு என் மிளகாய்ப்பொடி இட்லி என்றால் உயிர். கண்ணில் தண்ணீர் வரவரத் தின்பாள். பதிலுக்குத் தன் டப்பாவில் இருப்பதை எனக்குத் தருவாள். இந்தப் பண்டமாற்று அம்மாவுக்குத் தெரியாது.

எனக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்து, பிழைப்பது சந்தேகம் என்றானபோது, அப்பா மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். நான் சொல்வது அந்த மூன்றாவது வருஷம். நாற்பத்தெட்டு நாள் வீடே விரதம். அம்மா சட்டி பானையைக்கூட மாற்றிவிடுவார். "கறி, மீனு, முட்டை எதையும் தொட்டுறாதே. அப்பா அலகு குத்தப்போறாரு, தெரியுதா?" என்று தினமும் டப்பாவைத் தரும்போது சொல்வார்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் மோனிக்கா ஒரு கேக்கைக் கொண்டுவந்தாள். நான் உஷாராகத்தான் இருந்தேன். எதில் செய்தது என்று விசாரித்தேன். "சூஜி" என்றாள். சூஜி என்றால் ரவை. மோந்து பார்த்தேன். நெய் வாசம். அட, இது நம் கேசரிதானே, கிளறுவதற்குப் பதிலாக ஓவனில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கேசரி சாமிக்கே படைக்கிற பொருள். இரண்டு துண்டு தின்றேன், விரலில் ஒட்டிய தூளையும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் மோனிக்கா, தன் அம்மா அதில் பன்னிரண்டு மஞ்சள்கரு சேர்ப்பார் என்று பெருமையாகச் சொன்னாள்.

தைப்பூசத்துக்கு ஆறு நாள் இருந்தது. சொன்னால் விரதம் முறிந்துவிட்டது என்று அப்பா காவடியை நிறுத்திவிடுவார். வேண்டுதல் நின்றால் எனக்குக் காய்ச்சல் திரும்பி வரும், செத்துப்போவேன். சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும். பத்து வயது மூளைக்கு எட்டியது இவ்வளவுதான். "ஏண்டி குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறே?" என்று அம்மா கேட்டார். வயிற்றுவலி என்றேன். ஓமத்தண்ணீர் கிடைத்தது.

அப்பா டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நன்றாக ஆடிக்கொண்டே போனார். நான் முருகனுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் கன்னத்து அலகைப் பிடுங்கினார்கள். ரத்தம் வந்தது. திருநீறு வைத்து அழுத்தியும் நிற்காமல் தாடை வழியாக மார்புக்கு இறங்கியது. விரதம் சுத்தமாக இருந்தால் ஒரு சொட்டுக்கூட வராது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. அப்பாவின் அக்கா அத்தனை பேர் முன்னாலும் அம்மாவைப் பார்த்து, "வீட்டுப் பொம்பள சுத்தபத்தமா இருந்திருந்தா இது ஏன் வருது?" என்றார். அம்மா தலை குனிந்துகொண்டார். நான் அவர் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்த வருஷத்திலிருந்து அம்மா பால்குடம் எடுக்க ஆரம்பித்தார். தன் சமையலில்தான் எங்கோ தீட்டுப் பட்டுவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, வருஷம் தவறாமல். நானும் குடையோடு கூடவே நடந்தேன். பள்ளிப் பெண்ணாக நடந்தேன், வேலைக்குப் போகிறவளாக நடந்தேன், மகளை வயிற்றில் சுமந்துகொண்டும் நடந்தேன். அடுத்த விளக்குக்கம்பம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அந்த ரோட்டில் விளக்குக்கம்பத்துக்கா பஞ்சம்?

அப்பா காலமாகி வெகுநாள் கழித்து, அம்மாவுக்குக் கால் வராமல் போயிற்று. தைப்பூசம் நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் எனக்காக நீ தூக்கிடும்மா. அப்பாவுக்கு ரத்தம் வந்தது என்னாலதான். பாக்கி வெச்சுட்டுப் போகக் கூடாது."

தூக்கினேன். என் பாவத்துக்கு, அம்மா பேரில். வீட்டுக்கு வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். அவர் குனிந்து என் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். "சுட்டுருச்சா? என்னால உனக்குக் கஷ்டம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பங்குனியில் போய்விட்டார்.

அந்தக் கடைவீடு இப்போது தங்கும் விடுதி. மோனிக்கா குடும்பம் அறுபதுகளிலேயே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. அதெல்லாம் போகட்டும், எல்லோருக்கும்தான் போகிறது. "நீயாடி?" என்று கேட்டு என் கன்னத்தில் ஓர் அறை விட உரிமையுள்ளவர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார்.