நான் திருப்பித் தட்டிய சுவர்

நாங்கள் வாங்கியது புது வீடு அல்ல, எங்களுக்குத்தான் புதிது. சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. முன்பு இருந்தவர்கள் மூன்று ஆண்டுகளாகப் பூட்டிப் போட்டிருந்தார்கள். புந்தோங்கில் வாடகை வீட்டில் பதினான்கு வருடம் இருந்தவளுக்கு, சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதே பெரிய சொத்தாகத் தெரிந்தது. சாவி கைக்கு வந்த அன்றே முன்னறையில் ஓர் ஆணி அடித்தேன். மாட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. சும்மா அடித்தேன்.

ஆள் வைத்து வேலை வாங்க எங்களால் முடியாது. கணவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். நான் ஒரு பல் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரைப் பதிகிறேன். வீட்டுக் கடன் போக மிஞ்சுவதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, சனி ஞாயிறுகளில் நாங்களே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. பெயிண்ட் விற்கும் சாயக்கடையில், வேறு யாருக்கோ கலந்து, நிறம் தப்பிப்போனதால் ஒதுக்கி வைத்திருந்த டின்களை மலிவாகக் கொடுத்தார்கள். மூடியைத் திறக்கும்வரை உள்ளே என்ன நிறம் என்று சரியாகத் தெரியாது. மகளின் அறை, குடிக்கிற ரோஸ் பாலின் நிறத்தில் வந்துவிட்டது. பதினாறு வயதுக்காரி வாசலில் நின்று, "மா, இது ரூமா, சிராப் பண்டோங்கா?" என்றாள். மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. தரையிலும் சுவரிலும் பதிக்கும் ஓட்டுக்கல் விற்கிற கடையில் மிஞ்சிப்போன பெட்டிகளை வாங்கினோம். ஐந்து விதமான பூப்போட்டவை. அவற்றைத் தரையில் பரப்பி, இது இங்கே அது அங்கே என்று அவளே அடுக்கிப் பார்த்த பிறகுதான் கோபம் தணிந்தது.

அடுப்படிக்கு அலமாரி கிடைத்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். ஈப்போவில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் நல்ல அலமாரிகளைக் கழற்றிப் போடுகிறார்கள் என்று கணவரின் கூட்டாளி சொல்ல, மறுநாளே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். வந்த பிறகு பார்த்தால், கழுவுதொட்டி இருக்கும் அலமாரி எங்கள் குழாய்க்கு நேராக வரவில்லை. குழாயை நாலடி தள்ளி வைக்க வேண்டும். அதற்கு, முழங்கால் உயரத்தில் சுவரை நீளமாக வெட்டிக் குழாயைப் புதைக்க வேண்டும். அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர்.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆண்டி தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒரே மகன் சிங்கப்பூரில். நாங்கள் வேலை தொடங்கிய முதல் சனிக்கிழமையே சுவரில் மூன்று தட்டுக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆண்டியே எங்கள் கேட்டில் வந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மலாயில் கொட்டித் தீர்த்தார்: நீங்கள் இடித்தால் என் வீட்டில் பீங்கான் தட்டு விழுகிறது, தூசி விழுகிறது, மனுஷன் தூங்க வேண்டாமா?

நான் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வந்ததும், "காலையில பத்து மணிக்கு என்ன தூக்கம்?" என்று முணுமுணுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே கதைதான். நாங்கள் சுத்தியலை எடுப்போம், அந்தப் பக்கம் தட்டல் வரும், ஐந்து நிமிடம் நிறுத்துவோம், மறுபடியும் தொடங்குவோம்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமை, சுவரை வெட்டத் தொடங்கிய நாள். ஒன்பது மணிக்குக் கணவர் உளியை வைத்து இரண்டு அடி அடித்திருப்பார். தட்டல் வந்தது. வழக்கம்போல நிறுத்தினார். தேநீர் குடித்தோம். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் தட்டல். இந்த முறை மூன்றோடு நிற்கவில்லை. விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது.

"ஏங்க, இன்னைக்கு விட மாட்டாங்க போலிருக்கு."

"விடு லா. மணி ஒம்பது தாண்டிருச்சு. சனிக்கெழமதானே, நம்ம வீட்டு வேலைய நாம எப்பத்தான் செய்யறது?"

பதினொரு மணிவாக்கில் கணவர் கடைக்குப் போயிருக்க, நான் உடைந்த சிமெண்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தமும் போடவில்லை. அப்போதும் தட்டல் கேட்டது. டொக், டொக், டொக். எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. பெருக்குவதற்குக்கூட இவரிடம் கேட்க வேண்டுமா? கீழே கிடந்த சுத்தியலை எடுத்து, அதன் பிடியால் சுவரில் நானும் மூன்று முறை ஓங்கித் தட்டினேன். டொக், டொக், டொக்.

அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு, அவசர அவசரமாக ஐந்தாறு தட்டு. நான் வானொலியைப் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மா, பாவம் மா அவங்க," என்றாள். "நீ போய்ப் படி," என்றேன்.

பகல் இரண்டு மணி இருக்கும். கணவர் உளியை வைத்துச் சற்று ஓங்கி அடித்தார். ஒரு செங்கல் அப்படியே அந்தப் பக்கம் போய் விழுந்தது. விழுந்த சத்தம் எங்கள் பக்கத்திலிருந்து வரவில்லை. ஆண்டியின் வீட்டிலிருந்து வந்தது. சுவர் அவ்வளவு மெல்லியது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஓட்டை வழியாக அந்த வீட்டு வெளிச்சம் எங்கள் தரையில் விழுந்தது. கணவர் உளியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, போச்சு. இப்ப வந்து என்ன கத்து கத்தப் போறாங்களோ."

காத்திருந்தோம். யாரும் கத்தவில்லை. நான் வானொலியை அணைத்தேன். மண்டியிட்டு, கன்னத்தைச் சுவரோடு வைத்து ஓட்டைக்குள் பார்த்தேன்.

முதலில் தெரிந்தது ஒரு வாளி. பிறகு ஈரத்துணி. அதற்கு அப்பால், சுவரை ஒட்டி ஒரு கை. அந்தக் கையில் ஒரு பால் டின். கை அசைந்தது. டின் சுவரில் மெதுவாக மோதியது. டொக்.

"ஆண்டி!" என்று கத்தினேன். அந்த முகம் மெல்லத் திரும்பியது. உதடு வெளுத்துப்போயிருந்தது. "தோலோங்," என்றார். உதவி என்ற அந்த ஒரே ஒரு மலாய்ச் சொல். அதைச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

கணவர் முன்பக்கம் ஓடினார். இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பின்சந்துக் கதவும் தாழ். மகள் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வர நேரமாகும் என்றார்கள், விழுந்தவரைத் தூக்க வேண்டாம், அசைக்க வேண்டாம் என்றார்கள். கணவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சுத்தியலை எடுத்தார். ஆண்டி கிடந்த இடத்திலிருந்து தள்ளி, ஒவ்வொரு கல்லாக எங்கள் பக்கமே இழுத்து இழுத்துப் போட்டார். காலையிலிருந்து நாங்கள் பார்த்துப் பார்த்து வெட்டிய சுவர் பத்து நிமிடத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டது. அவர் பருமன். நான்தான் நுழைந்தேன். தோளில் செங்கல் கிழித்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வீட்டின் அடுப்படி எங்களுடையதைப் போலவே, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி இருந்தது. சுவரோரம் முழுக்கப் பழைய நாளிதழ்களை வரிசையாக விரித்து வைத்திருந்தார். அவற்றின் மேல் வெள்ளைத் தூசி, எங்கள் சுவரின் தூசி. சுவரில் மேலிருந்து கீழே கோணல்மாணலாக ஒரு விரிசல். இந்தத் தூசியைத்தான் அவர் வாரா வாரம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்கு ஒரு நாளும் தெரியாது.

ஆண்டியின் ஒரு கால் இயல்பில்லாமல் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. உடை நனைந்திருந்தது. அவர் அதை மறைக்கப் பார்த்தார். அந்த நிலையிலும் வெட்கப்பட்டார். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மூடிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கை பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. எப்போது விழுந்தீர்கள் என்று மலாயில் கேட்டேன். எட்டு மணிக்கு முன்பு என்றார். எட்டு மணி! ஆறு மணி நேரம், ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம் நான் தேநீர் குடித்தேன், பெருக்கினேன், பாட்டுக் கேட்டேன்.

சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து நான் கதவைத் திறப்பதற்கும் ஆம்புலன்ஸ் வருவதற்கும் சரியாக இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் நானும் கணவரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, கணவரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. ஆண்டி படுக்கையில் சாய்ந்தபடி, எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார்:

"நான் தட்டினேன், தட்டினேன், யாருக்கும் கேட்கவில்லை, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் இவள் திருப்பித் தட்டினாள். மூன்று தட்டு. சரி, கேட்டுவிட்டது, வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் தூங்காமல் இருந்தேன்."

மகன் என் பக்கம் திரும்பித் தலை வணங்கினார். சிரித்தேனா, தலையாட்டினேனா, எதுவும் நினைவில்லை. அவர் கொடுத்த பம்பளிமாஸ் பழங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

"நான் எதுக்குத் தட்டுனேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியும்."

"சொல்லிரவா?"

"இப்ப வேணாம் லா. அவங்க அத நம்பிக்கிட்டுப் படுத்திருக்காங்க. சொன்னா உனக்குத்தான் லேசாகும். அவங்களுக்கு என்ன ஆகும்?"

அந்தப் பழத்தை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. சுவரின் ஓட்டையை ஒரு பலகை வைத்து மூடி, வேலையை அப்படியே நிறுத்தினோம். நாங்கள் உண்டாக்கிய விரிசலுக்கு நாங்களே சிமெண்டு பூசிக் கொடுப்பதாக மகனிடம் சொன்னோம். அவர் எங்களைக் குறை சொல்லவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஆண்டி வீட்டுக்கு வந்தார். நான்கு கால் கொண்ட ஊன்றுகோலைப் பிடித்து நடந்தார். மகன் ஒரு மாதம் விடுப்பு எடுத்துத் தங்கியிருந்தார். அவர் பொருள் வாங்கப் போயிருந்த ஒரு காலையில், கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஆண்டி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. உங்கள் மேல் கோபத்தில் தட்டினேன். உதவி கேட்கிறீர்கள் என்று தெரியாது. பிறகு வானொலியையும் கூட்டி வைத்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "போ," என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. காலையில் வாசலில் நின்று நடைப்பயிற்சி செய்வார். நான் வேலைக்குக் கிளம்பும்போது உள்ளே போய்விடுவார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தினமும் நினைத்தேன். கணவர் ஒரு நாளும், "நான்தான் சொன்னேனே," என்று சொல்லவில்லை. அந்த நல்ல மனத்தைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் தட்டும் சத்தம். ஆண்டி, ஊன்றுகோலோடு. பின்னால் மகன் தர்மசங்கடமாக நின்றார்.

"எப்போது என் சுவரை அடைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அதே பழைய கோபக் குரல். பலகை வைத்தால் போதுமா, எலி வருகிறது. அவர் பக்கத்துக்கு வெள்ளை ஓட்டுக்கல்தான் வேண்டும், எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிற கலர் கலர் கிறுக்கல் வேண்டவே வேண்டாம். பத்து மணிக்கு முன்பு சத்தம் கூடாது.

"சரி ஆண்டி," என்றேன். கணவரும், "சரி ஆண்டி," என்றார்.

போகத் திரும்பியவர் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். முன் இரும்புக் கதவின் சாவி. மகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் திரும்புகிறார் என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த வாரமே சுவரை அடைத்தோம், இந்த முறை இரட்டைக் கல் வைத்து. அதனால் எங்கள் அடுப்படி அரையடி குறுகி, கொண்டோ அலமாரி உள்ளே போகவில்லை. கணவர் அதை அறுத்துக் குட்டையாக்கினார். அதன் ஒரு கதவு இன்னும் சரியாக மூடாது.